இரண்டு ஊர்க் குருணை

சந்தனமாரி என்கிற பேரை லூர்தம்மாள் முதன்முதலாகக் கேட்டது ஒரு வாத்துக்குஞ்சின் காலைப் பற்றிப் பேசும்போதுதான். மண்ணூரில் அவள் வீட்டுக்குப் பின்னால் கம்பெனிப் பிள்ளைகளுக்கென்று கட்டிவிட்ட வரிசை அறைகளில் ஒன்று காலியாக இருந்தது. அதைப் பார்க்க வந்தவன் இசக்கிதுரை. கயத்தாறு பக்கத்துப் பையன், ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அவன் அறையைப் பார்த்ததைவிட, கொல்லையில் காலை இழுத்து இழுத்து நகர்ந்த வாத்துக்குஞ்சுகளைப் பார்த்ததுதான் அதிகம்.

"சந்தனமாரி இருந்தா இதுக்கு என்ன போடணும்னு சொல்லிருவா அத்தே."

"யாருப்பா அது, உங்க ஊரு சாமியா?"

"எம் பொண்டாட்டி," என்று நெளிந்தான்.

அந்த வாரமே சாமி வந்து இறங்கியது, ஒரு டிரங்குப் பெட்டியும் ஸ்டவ்வுமாக. புதுசாக யார் வந்தாலும் யார் மகள், யார் பேத்தி என்று கேட்டு முடிக்காமல் லூர்தம்மாளுக்குச் சோறு இறங்காது. கேட்டாள். அப்பா ஆறுமுகநயினார், குளம் குளமாக வாத்து ஓட்டித் திரிந்தவர், இப்போது இல்லை. மாமியார் செல்வலட்சுமி கயத்தாற்றில். அந்த மாமியாரிடம் ஒரு பெண் குழந்தை, சுகப்பிரியா. இங்கே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்ட். குழந்தையை யார் பார்ப்பது? அதனால் பெற்றவள் இங்கே, பிள்ளை அங்கே.

"போன் பண்ணினா அவ என்னைய போன் அம்மாங்கா அத்தே. எங்க மாமியாரைத்தான் வெறும் அம்மாங்கா," என்று சொல்லிச் சிரித்தாள். லூர்தம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

லூர்தம்மாள் அதுவரை கடையில் வாங்கிய கோழிக்குஞ்சுத் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் கொட்டிக்கொண்டிருந்தாள். சந்தனமாரி ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.

"கோழிக்கு இது போதும். வாத்துக்குப் போதாது அத்தே, கால் நிக்காது. இதோட இதுல மருந்து வேற கலந்திருக்கும். வாத்து கோழி மாதிரி அளவாத் திங்காதுல்லா, வாரி வாரி முழுங்கும்."

"அப்போ ரெண்டுத்துக்கும் ரெண்டு சட்டி வைக்கச் சொல்றியா? வாத்து சட்டில கோழி பூந்துக்கும், கோழி சட்டில வாத்து பூந்துக்கும். நான் இன்னா கம்பு எடுத்துக்கினு காவலா நிக்கறது?"

"ஒரே தொட்டி போதும். ரெண்டுக்கும் ஒத்துப்போறதை வைப்போம்."

குருணையை ஊற வைத்து, தவிடு போட்டு, உப்பில்லாத கருவாட்டை இடித்துத் தூவிப் பிசைந்தாள். பக்கத்திலேயே வாத்தின் அலகு முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீர். கிளிஞ்சல் தூளை மட்டும் கலக்கவில்லை. தனிக் கிண்ணத்தில் வைத்தாள். "முட்டை வைக்கிறவ அவளே தேடிப் போயித் தின்னுக்கிடுவா. குஞ்சுக்குக் கலந்து குடுத்தா உள்ளுக்குள்ள கெட்டுப்போகும்."

"குருணையாம் குருணை! நொய்யின்னு சொல்லுடி. எங்க பக்கம் குருணைன்னா வயலுக்குப் போடற மருந்து."

"எங்க ஊர்ல அதுல கஞ்சி காய்ச்சுவோம் அத்தே."

"அதான் நீங்கள்லாம் இப்டி கீறீங்க!"

இரண்டு பொம்பளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டு ஆம்பளைகள் அப்போது பக்கத்தில் இல்லை.

குஞ்சுகள் எழுந்து நின்றன. பிறகு நடந்தன. பிறகு ஓடின. முட்டை வைக்க ஆரம்பித்ததும் லூர்தம்மாள், "பாதி உன்னுதுடி. நீ இல்லன்னா எல்லாம் மண்ணுக்குள்ள போயிருக்கும்," என்று சொல்லிவிட்டாள். வாத்து முட்டைக்கு வரிசை அறைப் பையன்கள் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். சந்தனமாரிக்கு ஒரு கணக்கு விழுந்துவிட்டது. வாத்துக் கூட்டம் இன்னும் கொஞ்சம் பெருகினால் கம்பெனி லைன் வேலையை விட்டு நின்றுவிடலாம். வீட்டில் இருந்தால் பிள்ளையைக் கூட்டி வரலாம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வரவேண்டும். அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் போய் விசாரித்துக்கூட வைத்துவிட்டாள்.

சித்திரையில் வாலாஜாபாத்தில் லூர்தம்மாளின் நாத்தனார் தவறிப்போனாள். நொய் மூட்டை கிடந்த உள்ளறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு லூர்தம்மாள் கிளம்பிவிட்டாள். கண்ணுக்கு ஆபரேஷன் செய்திருந்ததால் அவள் புருஷன் சவரிமுத்து போகவில்லை, கூடத்தில் டிவி முன்னால் கிடந்தார். அன்றைக்கென்று சந்தனமாரியை சூப்பர்வைசர் ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டான். டீ இடைவேளையில் ஓடிவந்து புருஷனுக்குப் போன் போட்டாள்.

"குருணையை ஊறப் போட்டு வச்சிருங்க, பாவம் பசியா நிக்கும். எங்க இருக்குன்னு தெரியலன்னா மாமாட்ட கேளுங்க." போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போனாள்.

இசக்கிதுரை கூடத்து வாசலில் நின்றான். "மாமா, குருணை எங்க இருக்கு?"

அவன் சாக்கடை ஓரம் வைத்திருந்த வாழைக்கு வண்டு விழுந்திருந்தது. முந்தின நாள்தான் என்ன போடலாம் என்று அவரிடம் கேட்டிருந்தான். சவரிமுத்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாட்டுக் கொட்டாயில பச்ச டப்பா. கையில படாம எடுப்பா," என்றார்.

சுத்தத்துக்குத்தான் சொல்கிறார் என்று அவன் கரண்டியால் எடுத்தான். மணல் போல நிறம் மாறிக் கிடந்தது, பழைய குருணை போல என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கு மெஷின் தெரியும், தீவனம் தெரியாது. தவிட்டில் பிசைந்து தொட்டியில் வைத்தான். வாத்தும் கோழியும் முட்டி மோதிக்கொண்டு வந்தன.

பொழுது சாய லூர்தம்மாள் துக்க வீட்டிலிருந்து வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கொல்லைப் பக்கம் போனாள். தண்ணீர்ச் சட்டியைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு வாத்துகள் கிடந்தன. கோழிகள் வேலி ஓரம். கரண்டியைக் கையில் வைத்தபடி இசக்கிதுரை தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அவன் குருணைன்னு கேட்டான், நான் குருணையைத்தாம்மே சொன்னேன்," என்றார் சவரிமுத்து, கறுப்புக் கண்ணாடிக்குள் அழுதுகொண்டே. யார்மேல் கோபப்படுவது என்று லூர்தம்மாளுக்குத் தெரியவில்லை.

கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய சந்தனமாரி நேராகக் கொல்லைக்குப் போனாள். தொட்டியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தன், "கறிக்கு ஆவாதா?" என்றான். அவள் மண்வெட்டியை எடுத்து, நாய் தோண்ட முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டினாள். ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே சொன்னாள்.

"தனித்தனிச் சட்டி வச்சிருந்தா கோழியாவது மிஞ்சிருக்கும். நாந்தான ஒரே தொட்டி போதும்னேன்."

"அப்டி பேசாதடி. வேற குஞ்சு வாங்கலாம், நான் வாங்கித் தரேன்," என்றாள் லூர்தம்மாள்.

"அது நிமிர்ந்து முட்டை வைக்கதுக்குள்ள பள்ளிக்கூடம் திறந்திரும் அத்தே."

திறந்தும்விட்டது. சுகப்பிரியாவைக் கயத்தாற்றிலேயே சேர்த்தார்கள். யூனிபார்ம் போட்டு மாமியார் அனுப்பிய போட்டோவை சந்தனமாரி லூர்தம்மாளிடம் காட்டினாள். சட்டை பெரிசாக இருந்தது. "வளருவால்லா, அதான்," என்றாள்.

விஷயம் எப்படியோ கம்பெனிக்குப் போய்விட்டது. "டேய் குருணை, சாப்பாடு நீ பரிமாறாதடா!" என்று கேன்டீனில் கத்துவார்களாம். சும்மா தமாஷுக்குத்தான். ஆனால் இசக்கிதுரை சோற்றுத் தட்டின் முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டான். ஆடிக்கு முன்னால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினான். ஒருத்தர் சம்பளமாவது வரவேண்டும் என்று சந்தனமாரி கூடப் போகவில்லை. அறையையும் காலி செய்தாள். "ஒண்டியா கீறே, வாடகை வேணாண்டி, இங்கியே இரு," என்று லூர்தம்மாள் கையைப் பிடித்துக் கேட்டாள். சந்தனமாரி கையை விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் கண் மட்டும் கொல்லைப் பக்கம் போகாமலே பார்த்துக்கொண்டாள்.

இசக்கிதுரை கயத்தாற்றில் மகளோடு இருக்கிறான். சந்தனமாரி சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறாள். ஷேர் ஆட்டோவில் ஒரகடத்துக்குப் போய், அதே லைனில் நிற்கிறாள்.