வீரமலை வாத்தியாரின் கொள்ளிடம்

காலில் சேறு ஒட்டக்கூடாது என்பதற்காகவே வாத்தியார் வேலைக்குப் படித்தவர் வீரமலை. தொட்டியத்தில் அப்பாவின் வாழைத்தோட்டத்தில் வளர்ந்ததை அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஸ்ரீரங்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்ததும், வெள்ளை வேட்டியும் பளபளக்கும் செருப்புமாக வளையவந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மேலிடத்து உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் இயற்கையைக் காட்ட வேண்டுமாம். கொள்ளிடம் கூப்பிடு தூரம்தான். ஆனால் அங்கே மணல், சேறு, சாணி, போதாததற்கு வெயில். வாத்தியார் மூளையைக் கசக்கி, வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்தார். அதுதான் கொள்ளிடம். பிள்ளைகள் வரிசையாக வந்து, பாவாடையையும் நிஜாரையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். அக்கரையில் உட்கார்ந்து, போர்டில் எழுதிய பறவைப் பெயர்களை ஒப்பித்தார்கள். 'இயற்கை உலா இனிதே நடந்தது' என்று வாத்தியார் நோட்டில் முத்து முத்தாக எழுதி வைத்தார். ஒரு கால் நனையாமல் கல்வி வளர்ந்துகொண்டே போனது.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இன்ஸ்பெக்டர் வந்தார். வீரமலையைத் தலைமையாசிரியர் ஆக்குவதும் ஆக்காததும் அவர் கையில்தான் இருந்தது. நோட்டைப் படித்துச் சொக்கிப்போனவர், "வாங்க, இன்னிக்கு நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

நிஜக் கொள்ளிடத்திலும் பிள்ளைகள் பழக்கப்படி வரிசையாக வந்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டி, வாத்தியாரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அந்த ஒழுங்கு இன்ஸ்பெக்டருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஈர மணலில் வாலை ஆட்டிக்கொண்டிருந்த சிறு பறவையைக் காட்டி, "அது என்ன பறவை, சொல்லு பாப்பா" என்றார் முன்வரிசை ராக்கம்மாளிடம்.

அவள் மூன்றாம் வகுப்பு. அதே மணலில் வெள்ளரி போடுகிறவர் மகள். பறவையைப் பார்த்தாள், வாத்தியார் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் நடத்தலைங்க சார்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வாத்தியார் பக்கம் திரும்பினார். அது உள்ளான் என்று வீரமலைக்குத் தெரியும். தொட்டியத்தில் கண்ணி வைத்துப் பிடித்துச் சுட்டுத் தின்றவர்தானே. சொன்னால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தார். "பாடப்புத்தகத்துல இல்லைங்க சார்" என்றார்.

"அதான் சரி. பாடத்தை மீறக்கூடாது" என்று இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். பதவி அங்கேயே உறுதியாயிற்று.

திரும்பும்போது வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. ராக்கம்மாள் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "அது உள்ளான் சார். உங்களுக்குத் தெரியாதேன்னுதான் நான் சொல்லலை."

எனக்கும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தார். நாலடி முன்னால் இன்ஸ்பெக்டர் போய்க்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி, யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார் வருங்காலத் தலைமையாசிரியர்.