நகல் குட்டையாகத்தான் இருக்கும்

என் மனைவி பாடிப் பதிவானது ஒரே ஒரு பாட்டு. அவள் தம்பியின் பீங்கான் பட்டறையில், அகல்விளக்குகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே, என் வரிகளைத் தன் மெட்டில் பாடினாள். போனில் எடுத்தேன். முடிவில் நிமிர்ந்து, "போதும், நிறுத்துங்க" என்று சிரிப்பாள். அந்த மழைக்காலத்திலேயே கண்ணை மூடிவிட்டாள்.

வீடியோ தளம் ஒன்றில் அதை ஏற்றினேன். போனில் இடம் போதவில்லை, அதிலிருந்ததை அழித்தேன். அங்கே இருக்கிறதே என்ற தைரியம். உப்பைக் கடலில் போட்டுவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று நம்பியவன் நான்.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில், ஜங்ஷனைத் தாண்டும்போது, முன்சீட்டுக்காரரின் போனிலிருந்து அவள் குரல் வந்தது. மேளம் ஒன்று அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவனுடைய சேனல். அவன் பெயர் அவள் கழுத்தின் குறுக்கே ஓடியது.

மச்சினன் பதறவில்லை. பட்டறை அலமாரியிலிருந்து இரண்டு யானைப் பொம்மைகளை எடுத்து வைத்தான்.

"பாருங்க மாமா. இது நம்மளுது. அது நம்ம பொம்மை மேலயே அச்சு எடுத்து ஒருத்தன் சுட்டது. சூளையில மண்ணு சுருங்கும்ல, ஒரு விரல் குட்டையாயிடுச்சு. கடைக்காரனே கண்டுபுடிச்சுட்டான். திருட்டு தானா தெரிஞ்சுடும், வுடுங்க."

விட்டேன். திருட்டு தானாகத் தெரிந்துவிடும் என்பது இந்த ஊரில் வேதம்.

நான் விட்ட மாதங்களில் அந்தச் சேனல்காரன் அந்தப் பாட்டைத் தன் சொத்தென்று தளத்தில் பதிந்துகொண்டான். தளத்தின் இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டு, என்னுடையதை நீக்கியது. ஆட்சேபம் எழுதினேன். அதை அவனுக்கே அனுப்பி, இவர் சொல்வது சரியா என்று கேட்டார்கள். சரியில்லை என்றான். முடிந்தது.

கோர்ட்டுக்கு எதிர் டீக்கடையில் வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார்.

"தளத்துக்காரங்களைக் கேட்டா, சந்தைக்கு எடம் வுட்டவங்க நாங்க, கடையில விக்கிறது திருட்டுப் பொருளான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்பாங்க சார். சட்டமும் பாதி ஒத்துக்குது."

"நான்தான் தெரியப்படுத்திட்டேனே."

"அப்போ பொறுப்பு வரும்தான். முறையா எழுதிக் குடுத்தா மூணு வாரம் அவன் வீடியோவை மறைச்சு வைக்கணும். அதுக்குள்ள நாம கோர்ட்டு உத்தரவு வாங்கணும். இல்லன்னா திரும்பப் போட்டுடுவாங்க. ஒரிஜினல் வச்சிருக்கீங்கல்ல?"

"இல்லீங்க."

"மச்சினன்கிட்ட?"

"அவனுக்கும் லிங்க்தான் அனுப்புனேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "அவன் போட்டதுல இல்லாம, உங்களுதுல மட்டும் ஏதாச்சும் இருந்துச்சா?"

இருந்தது. கடைசிச் சிரிப்பை அவன் வெட்டியிருந்தான். அந்த இடத்தை மேளத்தால் நிரப்பியிருந்தான். மச்சினன் சொன்னது பொய்யில்லை. நகல் குட்டையாகத்தான் இருந்தது.

"சிரிப்புங்க," என்றேன்.

எழுதப்போன பேனா நின்றது. "அதை எதை வச்சு சார் காட்டுறது?"

கோர்ட்டு வாசலில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தளத்துக்கு முகம் இல்லை. அவனுக்கு ஊர் இல்லை.

இப்போதும் அவளை அவன் சேனலில்தான் பார்க்கிறேன். முதலில் ஒரு சோப்பு விளம்பரம். பிறகு விளக்குகள், அவள் விரல்கள், என் வரி. மேளம் பெருகும்போது ஒலியை அணைத்துவிடுகிறேன். அவள் நிமிரத் தொடங்குவாள். அத்தோடு வெட்டு.