கழட்டியாச்சா, மாட்டியாச்சா

என் அண்ணன் இருதயசாமி பயப்படுவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றினால் தெருமுனையில் போய் நிற்பார். வந்தவாசி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் சீட்டு காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார், நின்றுகொண்டே போவார். சின்ன வயதில் எதையாவது பார்த்து மிரண்டாரா, நாய் கடித்ததா என்று கேட்பார்கள். ஒரு மண்ணும் இல்லை. பிறவியே அப்படி. ஒருமுறை குடும்பத்தோடு பக்கத்திலிருக்கும் சமண மலையான திருமலையைப் பார்க்கப் போனோம். எங்களுக்கெல்லாம் முன்னால் விறுவிறுவென்று ஏறிவிட்டார். இறங்கும்போதுதான் கீழே பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், படிக்குப் படி உட்கார்ந்து நகர்ந்தே வந்து சேர்ந்தார். அவருடைய பேண்ட்டின் பின்பக்கம் என்ன ஆனது என்று இங்கே சொன்னால் என்னோடு பேசமாட்டார்.

இந்த ஆளைத்தான் மாதா கோயில் தேர்ப்பவனிக்குப் பொறுப்பாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். வேறு யாரும் வராததால் போட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும், மின்வாரிய ஆபீசில் காத்துக்கிடக்க வேண்டும், ஆம்புலன்ஸ் நுழைய எந்தச் சந்து வழியைக் காலியாக விடுவது என்று பார்க்க வேண்டும். கொடி பிடிக்கவும் மைக் பிடிக்கவும் முண்டியடிக்கிறவர்கள் இதற்கு வருவார்களா? அண்ணன் போவார். போகாவிட்டால் என்னென்ன ஆகும் என்று படுத்தபடியே நினைத்து நினைத்து மிரளுவதைவிட, போய்விட்டு வருவது அவருக்குச் சுலபம்.

அவர் தொழில் பாவு, அதாவது தறியின் நெட்டிழை, பிணைப்பது. தறியில் ஓடிக்கொண்டிருக்கும் பாவு தீரும்போது, அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து இழையைப் பிரித்து நீட்டுவது நான். "எடு" என்பேன். வாங்கி, பழைய இழையோடு முறுக்கிவிட்டு "எடுத்தாச்சு" என்பார். எடு, எடுத்தாச்சு, எடு, எடுத்தாச்சு. ஆரணியில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டுகிற யாரும் இந்தச் சத்தத்தைக் கேட்காமல் போயிருக்க முடியாது.

போன வருஷத் திருவிழாவில் வந்த வம்புக்கு ஒரு விளக்கு வில்தான் காரணம். திருவிழாக் கமிட்டித் தலைவர் டேவிட்ராஜ் சேத்துப்பட்டில் பாங்க் வேலையில் இருக்கும் பையன். நல்ல பையன்தான், ஆனால் எல்லாவற்றையும் போட்டோவில் எப்படி வரும் என்றே யோசிப்பான். மாதா தலைக்கு மேலே பெரிதாக ஒரு இரும்பு வில், அது முழுக்க விளக்கு என்று செய்து கொண்டுவந்துவிட்டான். அண்ணன் ஒரு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு தேர் போகிற வழி முழுக்க நடந்து, ஒவ்வொரு கம்பிக்கும் கீழே நின்று அளந்தார். நெசவாளர் தெரு திருப்பத்தில் கம்பி தொய்ந்து தொங்குகிறது. வில் இடிக்கும்.

"வில்லை இறக்கிடு டேவிட்டு," என்றார்.

"அந்த ஒரு எடத்துக்காகவா? அங்க மட்டும் கரண்டை எடுக்கச் சொல்லிடலாம் மாமா. தேர் மேல ஒருத்தரு நின்னுகினு மூங்கில் கவைக்கழியால கம்பியத் தூக்கி வுட்டா, வில்லு அடியில பூந்து போயிடும்."

மேலே யார் நிற்பது என்று கேட்பதற்குள் ஒரு கை உயர்ந்தது. என் வீட்டுக்காரர் சார்லியின் கை. அவர் பெயிண்டர். சாரத்தில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு இன்னொரு கையால் சுவரடிக்கிற ஜாதி. அவர் கையை உயர்த்திய அந்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமான நாளாக அண்ணனின் பயத்தைக் கேலி செய்துகொண்டிருந்த எனக்கே அந்த நோய் வந்துவிட்டது. அடுப்படியில் நின்றால் கம்பி ஞாபகம், இழை பிரித்தால் கம்பி ஞாபகம்.

"வேற யாரனா ஏறட்டுமே," என்றேன்.

"உங்கண்ணன் காத்து உனக்கும் அடிச்சிடுச்சா?" என்று சிரித்தார் அந்த மனுஷன்.

அண்ணன் தூங்காமல் ஒரு முறை வகுத்தார். திருப்பத்துக்கு முன்னாலேயே தேர் நின்றுவிட வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட வேண்டும். லைன்மேன் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்வார். போன் வந்த பிறகுதான் முட்டுக்கட்டையை எடுப்பது. வெறும் தேரை வைத்துத் தள்ளுகிறவர்களுக்கு ஒத்திகைகூடப் பார்த்தார். எல்லாரும் அவருக்குப் பின்னால் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் தூறல் போட்டது. பெரிய மழை இல்லை, ஆனால் தெரு நனைந்தது, தேர் நனைந்தது, சார்லி கையிலிருந்த மூங்கிலும் நனைந்தது. நனைந்த மூங்கில் கரண்டைக் கடத்தும் என்று அண்ணன் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. தேர் கிளம்புகிற நேரத்தில் லைன்மேன் வந்து அண்ணன் காதில் சொன்னார்.

"சார், என் போன்ல சார்ஜ் இல்ல. மைக்செட் லோகநாதன் டிரான்ஸ்பார்மர் கிட்டத்தான் கீறாரு. அவரு போன்லருந்து சொல்றேன்."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. வகுத்த முறையில் ஒன்று மாறிவிட்டது. உடனே லோகநாதனைப் போனில் கூப்பிட்டார். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் தேர் நின்று ஜெபம் நடக்கிற இடத்தில் மைக்செட் கட்டுகிறவர் லோகநாதன்.

"லோகு, கரண்டு எடுத்தவுடனே எனக்கு ஒரு போன் போடுப்பா. மறந்துடாத."

"சரிண்ணா," என்றார் அவர்.

தேர் நகர்ந்தது. பேண்டு, வெடி, மாலை, கூட்டம். நான் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தேன். ஒரு கையில் ஜெபமாலை இருந்தது, ஆனால் ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. மாதா காலடியில் கழியோடு நின்ற சார்லியின் செருப்பில்லாத பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டே வந்தேன். ஈரப் பலகையில் அந்தப் பாதங்கள் வழுக்கும்போதெல்லாம் தேரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

திருப்பத்துக்கு முன்னால் தேர் நின்றது. முட்டுக்கட்டை போட்டார்கள். பின்னாலிருந்து கூட்டம் நெட்டியது. தலைக்கு மேலே கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கரண்டு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வீடுகளில் விளக்கு எரிந்தது. ஆனால் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். கரண்டு போனாலும் எரியும், இருந்தாலும் எரியும்.

அண்ணனின் போன் அடித்தது. நனைந்த விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் அது திறக்கவில்லை. டேவிட்ராஜ் வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். பேண்டு சத்தத்துக்கு நடுவில் லோகநாதன் கத்துவது எனக்கே கேட்டது.

"கரண்டு எடுத்தாச்சுண்ணா. எடுத்தாச்சு."

"எடுத்தாச்சாம்பா, ஜல்தியா தள்ளுங்க," என்று டேவிட்ராஜ் கையைத் தூக்கினான். முட்டுக்கட்டையை உருவினார்கள். சக்கரம் முனகிக்கொண்டு உருள ஆரம்பித்தது. மேலே சார்லி கழியைத் தூக்கினார்.

அண்ணனின் உதடு மட்டும் அசைவதைப் பார்த்தேன். எடுத்தாச்சு, எடுத்தாச்சு என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு என்ன ஆயிற்றோ, ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முன்னால் நனைந்த தார் ரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தள்ளினவர்கள் பதறிப்போய்த் தேரை இழுத்துப் பிடித்தார்கள். தேர் குலுங்கி நின்றது. மேலே சார்லி ஆடிப்போய் ஒற்றைக் கையால் தூணைப் பிடித்தார். கழியின் கவை கம்பிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"யோவ், எழுந்திருய்யா," என்றது கூட்டம். "இன்னாய்யா பேஜாரு இது?" என்றது. நடுவழியில் மாதாவை நிறுத்திவிட்டானே என்று ஒரு பெரியவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். எனக்கு மானம் போனது. பயந்து பயந்து செத்துக்கொண்டிருந்த நானே, இது சீக்கிரம் முடிந்து சார்லி கீழே இறங்கிவிட்டால் போதும் என்றுதான் இருந்தேன். அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எழுந்திருண்ணா. ஊரே பாத்துகினு கீது. எடுத்தாச்சுன்னுதான் சொல்லிட்டாங்களே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"சாரா, நாம எடுத்தாச்சுன்னா இன்னாம்மா அர்த்தம்?"

"இழை சேர்ந்துடுச்சின்னு..."

எங்கள் வீட்டில் எடுத்தாச்சு என்றால் கழன்றது என்று பொருளில்லை. சேர்ந்தது என்று பொருள். எத்தனை வருஷமாக அந்த வார்த்தைக்கு எதிரே உட்கார்ந்து இழை நீட்டியவள் நான். எனக்குத் தோன்றவில்லையே.

"போன் போடு டேவிட்டு. திரும்பப் போடு," என்றார் அண்ணன், எழுந்திருக்காமலே. "ஸ்பீக்கர்ல போடு. பேண்டை நிறுத்தச் சொல்லு."

பேண்டு நின்றது. தூறல் விழுகிற சத்தம்கூடக் கேட்டது. லோகநாதன் போனை எடுத்தார்.

"லோகு, கரண்டு எடுத்தாச்சுன்னியே. கழட்டியாச்சா, மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சுண்ணா. கம்பத்துலருந்து எடுத்து மைக்குக்குக் குட்த்துட்டேன். ஜோரா பேசுது."

"லைன்மேன் எங்க?"

"அவரு இன்னும் வர்லியே. கூட்டத்துல மாட்டிகினாரு போல."

டேவிட்ராஜ் போனைப் பிடித்தபடியே தேர்மீது சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நான் மேலே பார்த்தேன். சார்லி கழியை மெதுவாக, பாம்பைக் கீழே விடுகிறவர் மாதிரி, இறக்கிக்கொண்டிருந்தார். சாரத்தில் ஒற்றைக் கையால் தொங்குகிற அந்த மனுஷன், கழி பலகையில் படுத்ததும் இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டார். எனக்கு வாந்தி வந்தது. அங்கேயே ஒரு வீட்டுச் சுவரோரம் குனிந்து எடுத்தேன். கூச்சமெல்லாம் இல்லை.

முட்டுக்கட்டையைத் திரும்பப் போட்டார்கள். அண்ணன் எழுந்தார். லைன்மேன் கூட்டத்தைப் பிளந்து டிரான்ஸ்பார்மருக்குப் போய்ச் சேரும்வரை எல்லாரும் காத்திருந்தோம். வில்லை இப்போதே பிரித்துவிடலாம் என்றான் டேவிட்ராஜ். வெல்டிங் வைத்தது, அங்கே வைத்துப் பிரிக்க முடியாது. இவ்வளவு கூட்டத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு தேரைத் திருப்பவும் முடியாது. அந்தக் கம்பிக்குக் கீழேதான் போயாக வேண்டும்.

போன் வந்தது. இந்தத் தடவை லைன்மேனே பேசினார். "கழட்டியாச்சு சார். ஃபியூஸ் என் கையில கீது. மைக்கும் நின்னு போச்சி." அண்ணன் விடவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அந்த மைக்கில் பேசிப் பார்க்கும்படி லோகநாதனிடம் சொல்லி, சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். வரவில்லை.

"தள்ளலாமா மாமா?" என்று கேட்டான் டேவிட்ராஜ். முதல் தடவையாகக் கேட்டான்.

அண்ணன் மேலே இருந்த சார்லியைப் பார்த்தார். சார்லியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், லைன்மேனையோ தலைவரையோ பார்க்கவில்லை. கழியைத் தூக்க அவர் கை எழவில்லை. ஊரே நம்பிய ஒரு வார்த்தை ஒருமுறை பொய்த்த பிறகு இன்னொரு வார்த்தையை எப்படி நம்புவார்?

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேரின் ஏணியைப் பிடித்தார்.

"எங்கண்ணா போற?" என்று அலறிவிட்டேன். "உனக்கின்னா பைத்தியமா? கரண்டுதான் கழட்டியாச்சே."

"கழட்டியாச்சும்மா. நம்பறேன். ஆனா உன் புருஷன ஒண்டியா வுட்டுட்டு கீழ நின்னு பாத்துகினு இருக்க எனக்குத் தைரியம் இல்ல."

காஸ் சிலிண்டருக்குத் தெருமுனைக்கு ஓடுகிற மனுஷன் ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று ஏணியைக் கட்டிக்கொண்டார். மேலே போய்ச் சார்லிக்குப் பக்கத்தில் நின்று, கழியின் நடுவில் தன் இரண்டு கையையும் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். "தூக்கு மாப்ள," என்றார்.

தேர் உருண்டது. என் ஆள் ஒருத்தர், என் அண்ணன் ஒருத்தர், இரண்டு பேரும் ஒரே ஈரக் கழியில். கவை கம்பியைத் தொட்டது. தூக்கியது. முழுசாகத் தூக்க முடியவில்லை. இரும்பு வில்லின் உச்சி கம்பியில் கரகரவென்று உரசிக்கொண்டே போனது. அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கரண்டு இருந்திருந்தால் அது எந்தச் சத்தமாக இருந்திருக்கும் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. கம்பி விடுபட்டு ஆடியது. வேறொன்றும் ஆகவில்லை.

அந்தப் பக்கம் போனதும் தேரை நிறுத்தி ஏணியைச் சரியாக வைத்தார்கள். சார்லி கீழே குதித்து வந்து, அத்தனை பேருக்கும் நடுவில் என் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டார். அவர் சட்டை நனைந்திருந்தது. மழையா வேர்வையா என்று நான் கேட்கவில்லை.

"நீயும் இறங்கு மச்சான்," என்று மேலே பார்த்துச் சொன்னார்.

அண்ணன் ஏணிவரை வந்தார். கீழே பார்த்தார். திருமலையில் பார்த்தாரே, அதே பார்வை. சத்தமில்லாமல் பின்னுக்குப் போய் மாதாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் பயமா கீது. நீங்க தள்ளுங்க," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. டேவிட்ராஜ் போய் முட்டுக்கட்டையைத் தன் கையாலேயே எடுத்தான். கோயில் வாசல் வரைக்கும் என் அண்ணன் மாதாவின் பாதத்தைக் கட்டிப்பிடித்தபடி தேரிலேயே வந்தார். வீட்டுக்கு வீடு ஜனங்கள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வீசிய உப்பும் மிளகும் பூவும் அவர் தலைமேல் விழுந்துகொண்டே இருந்தன. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.