விழுந்தது ஆறு, சொன்னது இரண்டு

நான் பொய் சொன்னேன். பகடையில் ஆறு விழுந்தது. இரண்டு என்று சொன்னேன். அந்தப் பொய்யைத்தான் நீங்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டீர்கள். இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்த பகுதி என்று எழுதியும் அனுப்பினீர்கள்!

எங்கள் பாட்காஸ்டைக் கேட்டவருக்குக் குமரேசனைத் தெரியும். கேட்காதவருக்குச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் புத்தூர்க்காரர்கள். மேசைமேல் விரித்து ஆடும் போர் விளையாட்டு எங்கள் பைத்தியம். ஒரு வரைபடம், படைகளாக அட்டைச் சில்லுகள், ஒரு பகடை. அவன் குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகும் பலகை அவன் வீட்டு முன்னறையில் விரிந்தே கிடந்தது. ஒரு போர் முடிய மாதங்கள் ஆகும். நடுவில் மடிக்க முடியாது. அவன் போனில் படையை நகர்த்தச் சொல்வான். இருவருக்குமாக நான் பகடை உருட்டுவேன். அவனுடைய அப்பா, எங்கள் இருவருக்கும் நைனா, பக்கத்தில் உட்கார்ந்து, புதுச் சில்லுகளின் முனைகளை நகவெட்டியால் வெட்டிச் சீராக்கிக்கொண்டிருப்பார்.

இப்படியொரு பாட்காஸ்ட் எதனால் நன்றாக அமைகிறது? விதிகளை ஒப்பிப்பதால் அல்ல. கேட்பவருக்குப் பலகை தெரியாது; கோட்டைக்குள் எத்தனை நாள் சோறு மிச்சம் என்று சொல்ல வேண்டும். பகடை உருளும் ஓசை கேட்க வேண்டும். எண்ணைச் சொல்லுமுன் ஒரு மூச்சு மௌனம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்றால் யாருக்காவது வலிக்க வேண்டும்... இதையெல்லாம் நன்றாகத்தான் கற்றிருந்தேன். பாழாய்ப்போன கல்வி!

அந்த வாரம் அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. இன்னும் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊர் திரும்புவதா? நைனாவோ நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டிருந்தார். மனம் இப்படித் தடுமாறினால் எங்கள் பக்கத்தில் கோயிலுக்குப் போவோம். சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கட்டிப் போட்டுச் சாமியைக் கேட்போம்.

"இங்க எங்கடா போயி பூ கேக்கறது? நீ பகடைய போடு. என் கோட்டை நின்னா வந்துடறேன், அலிபிரிலேர்ந்து நடந்தே திருப்பதி மலையேறறேன். வுழுந்துச்சின்னா கையெழுத்து," என்றான்.

"இத மைக்ல சொல்லுடா," என்றேன். ஆம், நான்தான் சொல்ல வைத்தேன்.

ஐந்தோ ஆறோ விழுந்தால் கோட்டை நிற்கும். உருட்டினேன். அதே நொடியில் லைன் அறுந்தது... குவைத் அழைப்பு எப்போதும் அப்படித்தான். நைனா குனிந்து பார்த்தார்.

"ஆறு! ஆறுப்பா! வந்துடுவான் என் புள்ள!"

போன் மறுபடி அடித்தது. "இன்னாடா வுழுந்துச்சி?"

ஒரு மூச்சு மௌனம். அதற்குள் நான் என்ன நினைத்தேன்? கோட்டை விழுந்தால் பகுதி பிரமாதமாக இருக்கும் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. அவன் வந்துவிட்டால்... கடல் தாண்டி ஆடும் இரு நண்பர்கள் என்றுதானே நீங்கள் எங்களைக் கேட்டீர்கள்! புத்தூரில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காரும் இரண்டு பேரை யார் கேட்பார்கள்?

"ரெண்டுடா."

நைனா என்னையே பார்த்தார். அழைப்பு முடிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். "எனக்கு ஆறு மாதிரி தெரிஞ்சிச்சேப்பா?"

"கண்ணு மங்கிப்போச்சி நைனா. ரெண்டுதான்."

பகடை அதற்குள் என் சட்டைப்பையில் இருந்தது. அவர் கண்களைக் கசக்கிக்கொண்டார். தன் கண்ணைவிட என்னை நம்பினார்! மகனிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

குமரேசன் கையெழுத்துப் போட்டான். மாங்காய்க் காலம் முடிவதற்குள் நைனா போய்விட்டார். அவன் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல்தான் இருந்தது. என் தோளில் சாய்ந்து அழுதான். என் தோளில்...

திரும்பிப் போனவன் இப்போது நாள் தவறாமல் குரல்செய்தி அனுப்புகிறான். "நைனா குரல் ஒண்ணுகூட எங்கிட்ட இல்லடா. அன்னிக்கு உன் பக்கத்துலதான குந்திக்கினு இருந்தாரு? வெட்டாத ரெக்கார்டிங்க அனுப்புடா. ஒரு இருமல் இருந்தாகூட போதும்."

இருக்கிறது. இருமல் அல்ல! லைன் அறுந்தபோதும் மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் வெட்டியெடுத்த துண்டு என் கணினியில் பத்திரமாக இருக்கிறது. அதை அழித்தால், அவனுக்கு மிச்சமிருக்கும் நைனாவை நானே அழித்தவனாவேன். அனுப்பினாலோ...

இன்று காலையும் போட்டுக் கேட்டேன். பகடை உருள்கிறது. நிற்கிறது. "ஆறு! ஆறுப்பா! வந்துடுவான் என் புள்ள!"

நிறுத்திவிட்டு, தேடிக்கினு இருக்கேன்டா என்று அவனுக்குப் பதில் அனுப்பினேன்.