கண்ணகையின் கையும் தனுஷாவின் தட்டும்

குருக்கள்மடம் என்ற ஊரில் கண்ணகையின் கைக்கு ஈடு கிடையாது. விடியுமுன் எழும்பி அரை ஊருக்கு இடியப்பம் பிழிகிறவள். மா எவ்வளவு இறுகினாலும் இடியப்ப உரல் அவளுக்குப் பணிந்து இறங்கும். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தக் கைதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்தில் மண் விழுந்தது டிஸ்க் கோல்ஃபால். சுவிஸிலிருந்து லீவில் வந்த தம்பி உதயரூபன் தென்னந்தோட்டத்தில் சங்கிலிக் கூடைகளை நட்டு, பிளாஸ்டிக் தட்டை எறிந்து அதற்குள் விழுத்தும் விளையாட்டை ஊருக்குப் பழக்கினான். குறைந்த எறியில் விழுத்துகிறவருக்கு வெற்றி. பெண்களில் கண்ணகைதான் வெல்வாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வென்றதோ அவன் பெண்சாதி தனுஷா, ஈர்க்கில் மாதிரிக் கைக்காரி.

கண்ணகைக்கு வயிறு எரிந்தது. எறியுமுன் தனுஷா மணிக்கட்டைச் சுழற்றுவாள், முன்கையை நீவி இழுப்பாள். தட்டை மெல்லப் பிடித்து, இடுப்பைத் திருப்பி எறிவாள். கை சலித்தால் அன்றைக்கு எறிவதை நிறுத்திவிடுவாள். இறுக்கிப் பிடித்துக் கைவலுவில் மட்டும் எறிந்தால் நரம்பு பிசகும் என்று மச்சாள் கண்ணகைக்கும் சொல்லிப் பார்த்தாள்.

"உரல் பிழியிற கைக்கு நீ பாடம் சொல்லாதகா" என்றாள் கண்ணகை.

அடுத்த போட்டியில் அவளை மண் கவ்வ வைக்காவிட்டால் நான் கண்ணகை இல்லை என்று, வியாபாரம் முடிந்த கையோடு தோட்டத்துக்குப் போனாள். உரலைப் பிடிக்கிற பிடியில் தட்டைப் பிடித்து, மணிக்கட்டை வெடுக்கென்று வெட்டிப் பொழுது சாயும்வரை எறிந்தாள். முன்கை கடுத்தது. பொறாமைக்கு நோவு தெரியுமா? கடுக்கக் கடுக்க எறிந்தாள்.

மறுநாள் விடிய உரலை அழுத்தினாள். முழங்கைவரை சுள்ளென்றது, மா இறங்கவில்லை. மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. வாசல் கடப்படியில் ஆட்கள் பாத்திரத்தோடு காத்து நின்றார்கள். இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு வேறு வாசலுக்குப் போய்விடுவார்கள்.

விஷயம் அறிந்து அடுத்த வளவிலிருந்து தனுஷா வந்தாள். மாவில் இன்னும் கொஞ்சம் கொதிநீர் விட்டுத் தளர்த்தினாள். மணிக்கட்டைச் சுழற்றிவிட்டு, உடம்பைச் சாய்த்துப் பிழிந்தாள்.

கண்ணகைக்கு நன்றி நாக்குவரை வந்தது. அதற்குள் கடப்படியில் நின்ற வாடிக்கைக்காரர் அழகரத்தினம் ஆவி பறக்கும் இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டார்.

"என்ன கண்ணகை, இண்டைக்குப் பஞ்சு மாதிரி இருக்கு. ஒவ்வொரு நாளும் இப்பிடியே பிழி."

வந்த நன்றி தொண்டைக்குள் திரும்பிப் போனது. அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, தனுஷா செய்வதுபோலவே வீங்கிய மணிக்கட்டைச் சுழற்றத் தொடங்கினாள்.

கதவுக்கு வெளியே தனுஷாவின் குரல் கேட்டது.

"வீக்கம் வத்தட்டும் மச்சாள். பிறகு சுத்துங்க."