மஞ்சள் கொடியில் என் பேர்

பேய், பிசாசு, சாமியாடுறது எதையும் நம்புனவ இல்ல நான். சுடுகாட்டு ஓரமா இருபது வருஷம் தனியா நடந்து வேலைக்குப் போனவ. இதைப் படிச்சிட்டு நீங்க சிரிச்சாலும் பரவாயில்ல, எங்க வீட்டுக்காரரே சிரிச்சாரு. "நாப்பது வருஷமா என்கிட்டயே நாலு வார்த்தை பேசல, உனக்குப் பதிலா பேச பேய் வந்துச்சா"ன்னாரு.

எனக்கு அனகாபுத்தூர், ஆத்தோரம். சேலையூர்ல நிர்மலான்னு ஒரு பொண்ணு வீட்டுல சமையல் பண்றேன். புயல் மழை வந்தா பல நாட்டு ஜனங்களுக்கு முன்கூட்டி எச்சரிக்கை எழுதிக் கொடுக்கற ஒரு பெரிய அமைப்புல அதுக்கு வேலை. ஆபீஸ்னு ஒண்ணு கிடையாது, கூட வேலை பார்க்கற கென்யாக்காரர் கென்யாவுல, இது சாப்பாட்டு மேசையில. எல்லாரும் கம்ப்யூட்டர்ல ஒரே பக்கத்தைத் திறந்து ஒரே நேரத்துல எழுதுவாங்க. யார் எழுதறாங்களோ அந்த இடத்துல அவங்க பேர் போட்ட சின்னக் கொடி ஒண்ணு நகரும், ஆளுக்கு ஒரு கலர். தமிழ்ல எழுதுனதை மட்டும் நிர்மலா என்கிட்ட காட்டும். நான் அஞ்சாவதுதான். "உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்க்கா"ன்னு சொல்லும்.

அன்னைக்குக் காலையில பத்து மணி இருக்கும், ரெண்டு நாளா விடாத மழை. எங்க ஊருக்குப் போகவேண்டிய எச்சரிக்கையைக் காட்டுச்சு. தாழ்வான பகுதியில இருக்கறவங்க உடனே வெளியேறணும்னு போட்டிருந்தது.

"புரியுதாக்கா?"

புரியுதுன்னு தலையாட்டிட்டேன். ஆனா எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் தாழ்வான பகுதின்னா அது அடுத்த தெருன்னுதான் சொல்லுவாங்க. வாசப்படி ரெண்டு ஏத்திக் கட்டிட்டா நாம மேடுன்னு நெனப்பு. என் பொண்ணு தேவி இருபது நாள் குழந்தையோட எங்க வீட்டுலதான் இருக்கா. அவளும் இதைப் படிச்சிட்டு யாருக்கோன்னு போனை வெச்சிடுவா. சொல்லணும். ஆனா மீட்டிங் ஓடிக்கிட்டிருக்கு, கட்டம் கட்டமா எட்டு வெளிநாட்டு முகம். நான் அடுப்புப் பக்கம் போய் மாவு கரைக்க ஆரம்பிச்சுட்டேன்.

நம்பினா நம்புங்க, அங்க நின்னே பார்த்தேன், கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கத்துல மஞ்சளா ஒரு கொடி வந்துச்சு. அதுல கன்னியம்மான்னு தமிழ்ல என் பேரு. அது அந்த வரியை அழிச்சிட்டு எழுதுச்சு: அம்மன் கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற மூணு தெரு, படி ஏத்திக் கட்டுன வீடும் சேர்த்து, இப்பவே கிளம்பணும்.

நிர்மலா திரும்புச்சு. "அக்கா, போன்லயா எழுதற?"

என் போன் பட்டன் போன், கூடையில கெடக்கு. ரெண்டு கையிலயும் மாவு. காட்டுனேன்.

கென்யாக்காரர் யார் எழுதறதுன்னு கேட்டாரு. நிர்மலா என் கையையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. "எழுதுனது சரியாக்கா?"

"சரிம்மா."

"எங்க ஆளுதான்"னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு அனுப்பிடுச்சு.

அரை மணி நேரத்துல தேவி கூப்பிட்டா. "அம்மா, நம்ம தெருவையே சொல்லி மெசேஜ் வந்துகீது. பக்கத்து வூட்டு அண்ணன், என் படி எவ்ளோ ஒசரம்னு இவனுக்கு யார் சொன்னதுன்னு திட்டிகினே கெளம்பிட்டாரு. நாங்க ஸ்கூல்ல இருக்கோம்." மத்தியானம் எங்க ஜன்னல் வரைக்கும் தண்ணி. மூணு தெருவுலயும் ஒரு உயிர் போகல.

அவங்க கம்ப்யூட்டர் ஆளுங்க ஒரு வாரம் தோண்டிப் பார்த்தாங்க. அந்தப் பேர்ல யாரும் உள்ள வரவே இல்லன்னுட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் மீட்டிங்ல எனக்கும் ஒரு கட்டம் கொடுத்தாங்க. மொத நாள் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன், இப்ப நானே பேசறேன். எந்த ஊருக்கு எழுதுனாலும் அந்தத் தெருக்காரங்க ஒருத்தரைக் கூப்பிட்டு உக்கார வைக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க.

போன வாரம் பங்களாதேஷ் கடலோரத்துக்கு எழுதுனாங்க. அங்கேருந்து ஒரு டீக்கடை அம்மா கட்டத்துல வந்தாங்க, முக்காடு போட்டுக்கிட்டு, தலை நிமிரல. புரியுதான்னு எங்க ஆளுங்க கேட்டாங்க, அந்தம்மா தலையாட்டுனாங்க. அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். எழுதற பக்கத்தைப் பார்த்தா ஒரு வரி மேல மஞ்சள் கொடி நிக்குது, என் பேரோட. எழுதல, நகரல. நிர்மலாவைக் கேட்டா கொடியே இல்லைங்குது.

"அவங்களை இன்னொரு தடவை கேளும்மா, நாம காத்திருக்கலாம்"னு சொன்னேன். கேட்டாங்க. அப்புறம் அந்தம்மா மெதுவா பேச ஆரம்பிச்சாங்க, அந்த வரியைத்தான் மாத்தச் சொன்னாங்க, மாத்துனாங்க. கொடி போயிடுச்சு.

எல்லாம் முடிஞ்சு எழுந்திருக்கும்போது அந்தம்மா ஒண்ணு கேட்டாங்களாம். நிர்மலா எனக்குத் தமிழ்ல சொல்லுச்சு.

"மஞ்சள் கொடியில என் பேரை யார் போட்டது?"