வெங்காயச் சருகுக்கு நடுவே வாசித்தது

ஒத்தக்கடையில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய கடையில், குளிர்ப்பெட்டிக்குள் உரித்த சின்ன வெங்காயத்தைப் பாக்கெட் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். போன வாரம் தல்லாகுளத்தில் ஆபீஸ் முடிந்து வரும் வழியில் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் உறையைக் கிழித்து மோந்து பார்த்தால் வாசமே இல்லை. உரித்த வெங்காயத்துக்கு வாசம் இல்லாமல் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சின்ன வயதில் சண்டைக்கே போயிருப்பேன். எங்கள் வீட்டுச் சுவர், பாய், என் யூனிபார்ம், என் தமிழ்ப் புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரச் சொன்னால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்காருவார்கள்.

அப்போது மேலூர் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, யானைமலை தெரிகிற மாதிரி ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். காலையில் ஒரு அண்ணன் டிவிஎஸ் வண்டியில் வெங்காயமும் பூண்டும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். மதுரைக்குள் இருக்கும் மெஸ்களுக்குச் சாயங்காலத்துக்குள் உரித்துத் தரவேண்டும். அம்மாவோடு பேச்சியத்தையும் சைதா அக்காவும் வந்து உட்காருவார்கள். பேச்சியத்தை பக்கத்து வீடு, வாய் ஓயாத ஆள். சைதா அக்கா எதிர்வீடு, ஒரு சொல் பேசினாலும் குத்துகிற மாதிரிப் பேசும். மூன்று பேருக்கும் எழுத்து தெரியாது. அய்யா என்று நான் கூப்பிடும் அப்பா லோடு ஏற்றப் போவார், அவருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதை நான் எங்கேயும் சொல்வேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் காப்பித் தட்டைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன் என்று அம்மா கடைசிவரை சொல்லிச் சிரித்தாள்.

வீட்டில் ஒரே ஒரு சட்டம். படிக்கிற பிள்ளை வெங்காயம் உரிக்க வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாயில் சருகை ஒதுக்கி எனக்கு இடம் விடுவார்கள். நான் புத்தகத்தை விரித்து, விரலை வைத்து, தெருமுனை வரை கேட்கிற மாதிரிப் படிப்பேன். சத்தம் குறைந்தால் அம்மா அதட்டுவாள்.

"என்னத்தா முணுமுணுக்கிற? சத்தமாப் படி!"

படிப்பை அவர்களால் காதால்தான் அளக்க முடிந்தது. சத்தம் பெரிதாக இருந்தால் படிப்பு பெரிது. தடுக்காமல் ஓடினால் பிள்ளை கெட்டிக்காரி. நான் தடுக்கவே மாட்டேன். "இம்புட்டு வேகமாப் படிக்கிறாளே, கலெக்டர் ஆகித்தான் நம்மள ஒரு வழி பண்ணுவா" என்பாள் பேச்சியத்தை. "ஆனா வெங்காய வெலையக் கொறைக்கச் சொல்லணும்" என்று சைதா அக்கா சேர்த்துக்கொள்ளும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சாயங்காலம் அணில் பாடத்தை இப்படித்தான் முழங்கிக்கொண்டிருந்தேன். மாமரம், அணில், அது கொறித்த பழம். பேச்சியத்தை கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா, இதுல பஸ்ஸுல்ல நிக்கிது? ஒன் அணிலு எங்கடி? பஸ் ஏறிப் போயிருச்சா?"

சைதா அக்கா சிரித்த சிரிப்பில் வெங்காயம் உருண்டது. நானும் சிரித்தேன். விரித்திருந்தது சமூக அறிவியல் புத்தகம், சாலை விதிகள் பாடம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நீங்கள் நம்பவேண்டும், நான் யாரையும் ஏமாற்றவில்லை. வகுப்பில் டீச்சர் ஒரு வரி சொல்ல, நாங்கள் கூட்டமாகத் திருப்பிச் சொல்வோம். காதில் விழுந்தது அப்படியே நின்றுகொண்டது. வீட்டில் விரலை ஓட்டிக்கொண்டே அதைச் சொன்னேன். படிப்பது என்றால் அதுதான் என்று நினைத்தேன். அது இல்லை என்று சொல்ல, படிக்கத் தெரிந்த ஒரு ஆள்கூட எங்கள் வீட்டில் இல்லை.

மறுநாள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் இருந்ததை வாசிக்கச் சொன்னார். நான் அணில் பாடத்தை ஆரம்பித்தேன். டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டார்.

"எழுத்தே தெரியலம்மா இவளுக்கு. முழுப் பரீட்சைக்குள்ள வாசிக்கணும். இல்லன்னா மறுபடியும் மூணாவதுலதான் உக்காரணும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அய்யா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "ஏறலன்னா விடு. நம்ம வம்சத்துல யாருக்கு ஏறிச்சு? ஒனக்குத் தொணையா உக்காரட்டும், ஒரு கை கூடும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அம்மா குழம்பை ஊற்றினாள். "முழுப் பரிச்ச வரைக்கும் பொறுங்க" என்றாள். அவளுக்கோ சொல்லிக்கொடுக்கத் தெரியாது, டியூஷனுக்கு விட வழி கிடையாது.

மறுநாள் நான் விரலை வைத்துச் சத்தமாக ஆரம்பித்ததும் அம்மா கையை நீட்டித் தடுத்தாள். குவியலிலிருந்து ஒரு பூண்டுப் பல்லை எடுத்தாள். வெங்காயம் ஈரம், பக்கம் நைந்துவிடும் என்று பூண்டு. அதைப் பக்கத்தின் நடுவில் எங்கேயோ ஓரிடத்தில் வைத்தாள்.

"இதுக்கு மேல இருக்குல்ல, அது என்னா?"

எனக்குத் தெரியவில்லை. பாடத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தால் ஒருவேளை அந்த இடம் வரும். அம்மா விடவில்லை. வாய்க்கு வந்த எழுத்தைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, பூண்டை இரண்டு வரி தள்ளி வைத்தாள். அங்கே வேறொன்றைச் சொன்னேன்.

"அங்கயும் இதே மாதிரித்தான இருந்துச்சு? அப்ப அதச் சொன்ன, இப்ப இதச் சொல்ற?"

பிறகு தினமும் அப்படித்தான். நான் சொல்வது சரியா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரே உருவத்துக்கு இரண்டு பெயர் சொன்னால் பிடித்துவிடுவாள். "இதுல ரெண்டு சுழி, அதுல மூணு சுழி. ரெண்டும் ஒண்ணுங்கிறியா? கண்ணத் தொறந்து பாரு" என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் அழுதால், "வெங்காயத்துக்கா, எழுத்துக்கா?" என்று கேட்கும் சைதா அக்கா.

அம்மா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நாளைக்கு டீச்சர்ட்டக் கேட்டுட்டு வா." மறந்துவிடுவேன் என்று அந்தப் பக்கத்தின் முனையை மடித்து, வைத்திருந்த பூண்டை என் சட்டைப் பையில் போட்டு அனுப்புவாள். பையில் கை விட்டால் பூண்டு தட்டுப்படும், கேட்க வேண்டியது நினைவு வரும். மூக்கைப் பொத்துகிற பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு காரணம் கிடைத்தது. டீச்சர் முதல் நாள் முகம் சுளித்தார். பிறகு பழகிவிட்டது. வருகை எடுத்து முடித்ததும், "வாடி, இன்னைக்கு எத்தன பூண்டு?" என்று கூப்பிடுவார். அவர் சொல்வதை வாங்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம் மூன்று பேருக்கும் ஒப்பிப்பேன்.

எழுத்துக் கூட்டி ஒரு சொல் வந்தது. பிறகு ஒரு வரி. புதுப் பாடங்களில் அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. கதை நகர நேரம் பிடித்தது. "அந்தப் பொம்பள ஆத்தக் கடந்தாளா இல்லையா? சீக்கிரம் சொல்லு, எனக்கு ஒல வைக்கணும்" என்று பேச்சியத்தை பறப்பாள். அவளுக்காகவே அடுத்த வரியைத் தட்டுத்தடுமாறிப் பிடிப்பேன். கடந்தாள் என்று தெரிந்த பிறகுதான் எழுந்து போவாள்.

முழுப் பரீட்சையன்று அம்மா வேலையைப் போட்டுவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். டீச்சர் வகுப்பில் நடத்தாத ஒரு பாடத்தைத் திறந்து கொடுத்தார். எழுத்து எழுத்தாகப் போனேன். நின்றேன். திரும்பிப் போய் ஒரு சொல்லைச் சரிசெய்தேன். வியர்த்தது. ஒரு பத்தி முடிந்ததும் வாசலைப் பார்த்தேன். அம்மாவின் முகம் விழுந்திருந்தது. அணில் பாடத்தைக் கடகடவென்று முழங்கிய பிள்ளை இப்படித் திக்குகிறதே, போச்சு என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

டீச்சர் எழுந்து அவளிடம் போனார்.

"ஏம்மா கலங்குறீங்க? இப்பத்தான் வாசிக்கிறா."

"திக்குறாளே டீச்சர்?"

"வாசிச்சாத் திக்கும்மா. வேகம் தானா வரும். நாலாவதுக்குப் போகட்டும்."

அம்மா டீச்சரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அய்யாவிடம் அன்று அவள் சொன்னது ஒரே வரிதான். "ஒங்க மக திக்கித் திக்கி வாசிக்கிறா." அதைவிடப் பெருமையான சொல்லை எனக்காக அவள் சொன்னதில்லை.

வேகம் வந்தது. நான்காவதில் ஓடியது, ஐந்தாவதில் பறந்தது. ஆறாவதில் ஒருநாள் உதடு அசையாமல் படிக்க முடிகிறது என்று கண்டுபிடித்தேன். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அப்படியே பக்கம் பக்கமாகப் போனேன். "ஏத்தா, என்னா போட்டிருக்கு, சொல்லேன்" என்று பேச்சியத்தை கேட்டாள். அம்மாதான் அவளைத் தடுத்தாள்.

"அவளத் தொந்தரவு பண்ணாத. அவ இப்ப மனசுக்குள்ளயே படிக்கிறா."

எவ்வளவு மிடுக்காகச் சொன்னாள்! மூன்று பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பிறகு பேச்சையே விட்டுவிட்டார்கள். கத்தி சருகை அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் படிப்பதற்காக அந்த வீடு வாயை மூடிக்கொண்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். பேச்சியத்தை மகனோடு திருப்பூர் போய்விட்டாள். சைதா அக்கா எங்கே என்று தெரியவில்லை. அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. நான் ஆறாவதுக்குமேல் படித்த எதிலும் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே போய்விட்டாள். அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் படிக்கிறேன், தொந்தரவு பண்ணக்கூடாது என்றுதான் அவள் கேட்கவில்லை.